‘சடன்லி’ சொல்லக் கூடாது: சீன மாணவர்களோடு என் ஞாயிறு வகுப்பு

என் ஞாயிறு ஆங்கில வகுப்பில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை உண்டு. ‘சடன்லி’. எழுதினாலும் சரி, பேசினாலும் சரி, அது வந்தால் நிறுத்தி, வேறு மாதிரி சொல்லச் சொல்வேன். புதிதாகச் சேர்கிறவர்கள் குழம்பிப்போய், “லாவ்ஷீ, அது தப்பான வார்த்தையா?” என்று கேட்பார்கள். லாவ்ஷீ என்றால் ஆசிரியர். தப்பே இல்லை, நல்ல வார்த்தைதான். ஆனால் அது கையில் இருக்கிறவரை அவர்கள் வேறு எதையும் தேட மாட்டார்கள்.

நான் சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் வேலையிடப் பாதுகாப்பு பார்க்கிறவன். ஞாயிறு மாலைகளில் ஒரு தொண்டூழியக் குழுவோடு சேர்ந்து சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹேநான், ஷான்டோங், ஜியாங்சூ பக்கத்து வெல்டர்களும் கம்பி கட்டுகிறவர்களும் வருவார்கள். உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிறவர்கள் வருவார்கள். பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டுத் துணைக்குத் தங்கியிருக்கும் அம்மாக்களும் உண்டு. என் மாண்டரின் வேலையிடத்தில் காதில் விழுந்து பழகியதுதான், இலக்கண சுத்தம் கிடையாது. அதுவும் ஒரு வகையில் வசதி. நான் உளறும்போது அவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களும் கூச்சமில்லாமல் உளறுவார்கள்.

பாடப்புத்தகங்கள் ‘மை நேம் இஸ்’ என்று ஆரம்பிக்கின்றன. இவர்களுக்கு அது தேவையே இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் ஆங்கிலம் இல்லாமலே சிங்கப்பூரில் ஓட்டிவிடலாம். சாரத்திலிருந்து பலகை விழும்போதும், கணக்கிலிருந்து காரணமில்லாமல் பணம் போகும்போதும், பிள்ளையின் பள்ளியிலிருந்து ஃபோன் வரும்போதும்தான் ஆங்கிலம் வேண்டும். அதனால் நான் எதிர்பாராமல் நடப்பதைச் சொல்வதிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

சீனத்தில் ‘தூரான்’ என்று ஒரு சொல். நம்முடைய ‘திடீர்’ போலவே அது எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். அகராதியைத் திறந்தால் அதற்கு நேராக ‘சடன்லி’ என்று இருக்கும். விளைவு, ஒரு பக்கக் கதையில் திடீரென்று மழை பெய்யும், திடீரென்று நண்பன் கூப்பிடுவான், திடீரென்று பசிக்கும். எல்லாமே திடீர் என்றால் எதுவுமே திடீர் இல்லை.

படித்தவர்களிடம் இன்னொரு வகைச் சிக்கல். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் ஆங்கிலத் தாளில் ஒரு கதையின் முதல் பாதியைக் கொடுத்து, மீதியை 150 சொற்கள் அளவில் மாணவரையே எழுதச் சொல்லும் கேள்வி உண்டு. 2016-ல் செஜியாங் மாகாணத்தில் தொடங்கியது, அப்புறம் மற்ற மாகாணங்களுக்கும் பரவிவிட்டது. கதை என்றால் திருப்பம் வேண்டும், திருப்பம் என்றால் அதற்கென்று மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வேண்டும். ‘ஹார்ட்லி ஹேட் ஐ’ என்று தலைகீழாகத் தொடங்கும் வாக்கியம் அவர்களுக்கு அத்தனை பிரியம். ஓர் இளம் பொறியாளர் தன் வேலையிட அறிக்கையை, ‘ஹார்ட்லி ஹேட் ஐ என்டர்ட் த சைட் வென் எ பைப் ஃபெல்’ என்று ஆரம்பித்திருந்தார். இலக்கணத்தில் ஒரு பிசகும் இல்லை. எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு, “இது அறிக்கையா, நாவலா?” என்று கேட்டார்.

இரண்டு தரப்புக்கும் நான் முதலில் கொடுப்பது ஒரே அச்சுதான்: ‘ஐ வாஸ்’ என்று நடந்துகொண்டிருந்ததைச் சொல், ‘வென்’ போட்டு நடுவில் புகுந்ததைச் சொல். ‘ஐ வாஸ் குக்கிங் வென் த லைட்ஸ் வென்ட் ஆஃப்.’ பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் குறுக்கே சின்னதாக ஒரு வெட்டு. நீளக் கோடுதான் ‘வாஸ் குக்கிங்’. வெட்டு ‘வென்ட் ஆஃப்’. சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. நேற்று போனாலும் நாளை போனாலும் வினை அதேதான். முடிந்ததைக் காட்ட ‘ல’ என்று ஒரு சின்ன ஒட்டு மட்டும் வரும். அதனால் ‘வாஸ் குக்கிங்’, ‘குக்ட்’ வித்தியாசத்தை விதியாகச் சொன்னால் ஏறாது, கோட்டைப் பார்த்தால் ஏறுகிறது. திடீர்த்தன்மை முழுவதும் அந்த ‘வென்’னில் வந்துவிடுகிறது. தனியாக ‘சடன்லி’ சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேகம் இதில் பாதிதான். திடீரென்று நடப்பது வேறு, நினைத்ததற்கு மாறாக நடப்பது வேறு. என் அனுபவத்தில், சீனம் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் அதிகம் திண்டாடுவது இந்த இரண்டாவதில்தான். அவர்கள் மொழி இதில் பணக்கார மொழி என்பதே காரணம். நினைத்ததற்கு மாறாக நடந்தால் ‘ஜிங்ரான்’ அல்லது ‘ஜூரான்’. நினைத்தபடியே நடந்தால் ‘குவோரான்’. நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்றால் ‘மேய் ஷியாங் தாவ்’. வினைக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டாலே பேசுகிறவருடைய மனநிலை முழுதும் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குச் சமமான ஒற்றைச் சொல்லைத் தேடினால் அகராதி ‘அன்எக்ஸ்பெக்டட்லி’ என்ற நீளமான ஒன்றை நீட்டும். அன்றாடப் பேச்சில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஓர் அம்மா தன் பிள்ளையின் ஆசிரியரிடம், ‘அன்எக்ஸ்பெக்டட்லி, யூ ஆர் வெரி கைண்ட்’ என்று சொன்னாராம். அவர் மனதில் இருந்தது பாராட்டு. கேட்டவருக்கோ, ‘நீங்கள் இவ்வளவு நல்லவராக இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை’ என்று காதில் விழுந்திருக்கும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒரு கேள்வி: “முதலில் நீங்கள் என்ன நினைத்தீர்கள்?” யாராவது ‘அன்எக்ஸ்பெக்டட்லி’ என்று தொடங்கினால் இதைக் கேட்பேன். பதில் ‘ஐ தாட்’ என்று வரும். அப்புறம் ‘பட்’. ‘ஐ தாட் த ஷாப் வாஸ் ஓப்பன், பட் இட் வாஸ் க்ளோஸ்ட்.’ அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பை வெளிப்படையாக ஒரு வாக்கியமாக வைத்துவிட வேண்டும், ஒரே சொல்லில் அதை ஒளித்து வைக்க முடியாது. இது பிடிபட்டபின் ‘டர்ன்ட் அவுட்’ தானாக வந்து சேரும்: ‘ஐ தாட் ஹீ வாஸ் த கிளீனர். இட் டர்ன்ட் அவுட் ஹீ வாஸ் த பாஸ்.’

இந்த ‘டர்ன்ட் அவுட்’ விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சீனத்தில் அதற்கு இரண்டு சொற்கள், இரண்டுமே ஆங்கிலத்தில் போய் வழுக்குகின்றன.

ஒன்று ‘யுவான்லாய்’. ‘அட, இவர்தானா முதலாளி!’ என்று உண்மை தெரியவரும்போது சொல்வது. அகராதியில் அதற்கு ‘ஒரிஜினலி’ என்றும் பொருள் இருக்கும். அப்படியே எடுத்துப் போட்டு, ‘ஒரிஜினலி ஹீ வாஸ் த பாஸ்’ என்பார்கள். கேட்பவர், முன்பு முதலாளியாக இருந்தவர் இப்போது இல்லை போல என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று ‘ஜியேகுவோ’. அதன் நேர்ப்பொருள் விளைவு, முடிவு. ஆனால் பேச்சில் அது ஏமாற்றத்தைச் சொல்லத்தான் அதிகம் வரும்: ஒரு மணி நேரம் காத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் அவன் வரவே இல்லை. இதை ஆங்கிலத்தில் ‘ஐ வெய்ட்டட் ஒன் அவர், அஸ் எ ரிசல்ட் ஹீ டிட் நாட் கம்’ என்று எழுதுகிறார்கள். அதாவது, நான் காத்திருந்ததன் விளைவாகத்தான் அவன் வரவில்லை! நான் எத்தனையோ தடவை திருத்தியும் ஒழியாத தவறு இதுதான். ‘பட் ஹீ நெவர் கேம்’ என்று எளிமையாகச் சொல்ல வைப்பதே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே ‘வந்து சேர்ந்தான்’ என்று பொருள்படும் ‘டர்ன்ட் அப்’ சொல்லிக்கொடுக்கப் போனால் அது ‘டர்ன்ட் அவுட்’டோடு குழம்பி, இருந்ததும் போய்விடுகிறது.

தமிழ் பேசுகிறவனாக எனக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு. ‘கதவைத் திறந்து பார்த்தால், உள்ளே யாருமே இல்லை’ என்கிறோம் அல்லவா? அந்தப் ‘பார்த்தால்’ நிபந்தனை இல்லை, அதுதான் ஆச்சரியம். சீனத்திலும் அப்படியே ஒன்று இருக்கிறது: ‘யீ கான்’, ஒரு பார்வை. கதவைத் திறந்து, ஒரு பார்வை, ஆள் இல்லை. நான் ஆங்கிலம் கற்ற நாளில் ‘இஃப் ஐ சீ’ என்று எழுதாமல் தப்பிக்க என்ன செய்தேனோ அதையே இவர்களுக்கும் சொல்கிறேன். பார்ப்பதை விட்டுவிடு, கண்டதை மட்டும் சொல்: ‘ஐ ஓப்பன்ட் த டோர் அண்ட் தேர் வாஸ் நோபடி தேர்.’ ஆங்கிலத்தில் அந்த ‘அண்ட்’ போதும்.

இனி வேலையிடம். இங்கே சொல் பிசகினால் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் விபத்துகளை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கிடைத்தாலும், இலகு வேலை கொடுக்கப்பட்டாலும் அறிவிக்க வேண்டும். அந்த அறிக்கைக்கு முதல் தகவல் தருகிறவர் பெரும்பாலும் பக்கத்தில் நின்ற தொழிலாளிதான்.

அவரிடம் ‘யீவாய்’ என்று ஒரு சொல் இருக்கிறது. விபத்து, எதிர்பாராதது இரண்டுக்கும் அதுவே. அதை ‘ஆக்ஸிடென்ட்’ என்று மட்டும் படித்து வைத்திருப்பதால், லாட்டரியில் சின்னத் தொகை விழுந்ததைக்கூட ஒருவர் ‘ஆக்ஸிடென்ட் மணி’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் இழப்பீட்டுப் பணம் என்று நினைத்து, எங்கே அடிபட்டது என்று அக்கறையாக விசாரித்தார்கள். நான் மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன். ஆளுக்கு அடிபட்டால் ‘ஆக்ஸிடென்ட்’. அடிபட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத, பொதுவான சம்பவம் என்றால் ‘இன்சிடென்ட்’. மயிரிழையில் தப்பினால் ‘நியர் மிஸ்’. அதிகாரிகள் இதைவிட நுணுக்கமாகப் பிரிப்பார்கள். தொழிலாளிக்கு இது போதும்.

‘நியர் மிஸ்’ஸில் ஒரு பொறி இருக்கிறது. சீனத்தில் ‘சா தியார்’ என்றால் ‘கிட்டத்தட்ட’. கிட்டத்தட்ட விழுந்தேன் என்றால் விழவில்லை என்று பொருள். சரி. ஆனால் பேச்சில் அதோடு ‘இல்லை’யையும் சேர்த்து, ‘கிட்டத்தட்ட விழவில்லை’ என்றும் சொல்வார்கள். அப்போதும் பொருள் அதேதான்: விழப்பார்த்தேன், விழவில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஆல்மோஸ்ட் டிட் நாட் ஃபால்’ என்று எழுதினால் ஆள் விழுந்துவிட்டதாக ஆகிவிடும். நான் இதை வாக்கியமாக நம்புவதே இல்லை. ‘டிட் யூ ஃபால்? யெஸ் ஆர் நோ?’ என்று கேட்டு, பதிலைத் தனி வரியாக எழுதச் சொல்கிறேன்.

இதைவிட ஆபத்தானது ‘பூ ஷியாவ்ஷின்’. நேர்ப்பொருள் ‘கவனமில்லாமல்’. ஆனால் வழக்கில் அது ‘தெரியாமல்’, ‘கைதவறி’ என்பதுதான். கண்ணாடி டம்ளர் உடைந்தால் அதைத்தான் சொல்வார்கள், குற்ற ஒப்புதல் எதுவும் அதில் கிடையாது. ஆங்கிலத்தில் அதை ‘ஐ வாஸ் கேர்லெஸ்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டால், என் அலட்சியம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் அதை விட்டுவிட்டு வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போனால் யார் தவறு என்பதுதான் கேள்வியே. ஆகவே ‘கேர்லெஸ்’ஸை எடுத்துவிட்டு ‘ஆக்ஸிடென்டலி’ போடச் சொல்வேன். அதையும்விட நல்லது, மனநிலையே வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது: ‘மை ஹேண்ட் ஸ்லிப்ட்’.

வினைச்சொற்களில் ஒரு மகிழ்ச்சியான பகுதியும் உண்டு. வேலையிடக் காயங்களுக்கான முக்கியக் காரணங்களில் எப்போதும் வருவது ‘ஸ்லிப்ஸ், ட்ரிப்ஸ் அண்ட் ஃபால்ஸ்’. ‘ஸ்லிப்’பும் ‘ட்ரிப்’பும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாது. தரை ஈரமா, கேபிள் குறுக்கே கிடந்ததா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. நாம் வழுக்கி விழுந்தான், தடுக்கி விழுந்தான் என்கிறோம். சீனத்திலும் அதே கட்டுமானம்: ‘ஹுவா தாவ்’, ‘பான் தாவ்’. காரணம் முன்னால், விழுந்தது பின்னால். அதைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். கஷ்டம் ‘தியாவ்’ என்ற வினையில். கீழே விழுவது, கைநழுவுவது, தொலைந்துபோவது எல்லாவற்றுக்கும் அது வரும். அதனால் ‘ஐ ஃபெல் மை ஃபோன்’ என்றும், ‘ஹீ ட்ராப்ட் ஃப்ரம் த லேடர்’ என்றும் மாறி மாறி வரும்.

‘ஹேப்பன்’ பற்றியும் ஒரு வார்த்தை. சீனத்தில் ‘நடந்தது ஒரு விபத்து’ என்று வினை முன்னால் வரும், அதனால் ‘ஹேப்பன்ட் ஆன் ஆக்ஸிடென்ட்’ என்பார்கள். திருத்தினால் ‘ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்று அடுத்த பள்ளத்தில் விழுவார்கள். ‘தேர் வாஸ் ஆன் ஆக்ஸிடென்ட்’ என்று கற்றுக்கொடுத்து, ‘ஹேப்பன்’னைக் கேள்விக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். ‘வாட் ஹேப்பன்ட்?’ அதில் தவறு வர வழியில்லை.

ஆம்புலன்ஸுக்கான 995-க்கு ஃபோன் செய்யும் பயிற்சியை இரண்டிரண்டு பேராகச் செய்ய வைப்பேன். நம்மைப் போலவே அவர்களும் பின்னணியிலிருந்துதான் தொடங்குவார்கள்: காலையில் நாங்கள் கம்பி தூக்கிக்கொண்டிருந்தோம், மழை பெய்திருந்தது, என்று. ஃபோன் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது இடம். சிங்கப்பூரில் கட்டடத்துக்கு ஒரு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருப்பதால் எண்ணைச் சொன்னாலே போதும். கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது உதவாமல் போகலாம், அதனால் சாலைப் பெயரும் கேட் எண்ணும் மனப்பாடம். அடுத்து, ஆளுக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. கதை கடைசியில். வகுப்பில் கற்ற ‘வாஸ்’, ‘வென்’ எதுவும் இங்கே வேண்டாம், ‘ஹீ இஸ் நாட் பிரீதிங்’ போதும்.

உணர்ச்சிச் சொற்களில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. ‘சர்ப்ரைஸ்டு’, ‘சர்ப்ரைசிங்’ குழப்பம் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பலர் ‘சர்ப்ரைஸ்’ என்றதும் ‘ஜிங்ஷி’ என்று மனதுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். அதில் பின்பாதி மகிழ்ச்சி. பிறந்தநாள் கேக் மாதிரியான ஆச்சரியத்துக்குத்தான் அது. அமைச்சிலிருந்து ‘சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன்’ வரலாம் என்று நான் சொன்னபோது ஒருவர் முகம் மலர்ந்தார். சீனத்தில் அதற்குப் பெயர் ‘தூஜீ’ சோதனை, அதாவது அதிரடித் தாக்குதல் சோதனை என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கியதும் மலர்ந்த முகம் சுருங்கியது. மறுபக்கம், ‘ஷியா யீ தியாவ்’ என்று ஒன்று உண்டு: பயத்தில் ஒரு குதி குதிப்பது. நமக்குத் தூக்கிவாரிப் போடுவது. ஆங்கிலத்திலும் ‘மேட் மி ஜம்ப்’ என்று அதே குதிதான். இதை மட்டும் பயமில்லாமல் நேராக மொழிபெயர்க்கலாம் என்றதும் வகுப்பே கைதட்டியது.

‘அவுட் ஆஃப் த ப்ளூ’ போன்ற மரபுத்தொடர்களை நான் கற்றுக்கொடுப்பதில்லை. கேட்டால் புரிய வேண்டும், அவ்வளவுதான். ‘இன் கேஸ்’ அப்படியல்ல, அதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குவேன். சீனத்தில் ‘வான்யீ’, பத்தாயிரத்தில் ஒன்று. குடை எடுத்துக்கொள், பத்தாயிரத்தில் ஒன்று மழை பெய்தால்? அந்த ‘பெய்தால்’ ஆங்கிலத்தில் ‘இஃப்’ ஆகிவிடுகிறது. குடை விஷயத்தில் பாதகமில்லை. ‘வேர் த ஹார்னஸ் இஃப் யூ ஸ்லிப்’ என்று எழுதினால், வழுக்கிய பிறகு ஹார்னஸ் என்ற பாதுகாப்பு பெல்ட்டைப் போடு என்றாகும். இதை நான் பலகையில் எழுதி, படமும் போட்டேன்: காற்றில் விழுந்துகொண்டே பெல்ட் மாட்டும் ஆள். ஒரு கம்பி கட்டுகிறவர் அந்தப் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டு போய்த் தன் ஆட்களுக்குக் காட்டியிருக்கிறார். அதில் வங்காளிகளும் நம்மூர்க்காரர்களும் இருந்தார்கள், ‘இஃப்’ அவர்களிடமும் இருந்ததாம்.

இதே வேலையைச் செய்கிற வேறு யாருக்காவது பயன்படலாம் என்று ஒன்று: வீட்டுப்பாடத்தை எழுதச் சொல்லாதீர்கள். அந்த வாரம் நினைத்ததற்கு மாறாக நடந்த ஒன்றை சீனர்களின் அரட்டைச் செயலியான வீசாட்டில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்துக்குள். எழுதினால் மொழிபெயர்ப்புச் செயலி எழுதிக்கொடுத்துவிடும், ‘அன்எக்ஸ்பெக்டட்லி’ அங்கிருந்துதான் திரும்பி வரும். பேசும்போது மூச்சு முட்டி, ‘ஐ தாட்… பட்…’ என்று தானாகப் பிரிந்துவிடுகிறது. பதிவுகளை நான் திங்கட்கிழமை ரயிலில் கேட்பேன். போன வாரம் ஓர் அம்மா அனுப்பியது: ‘ஐ தாட் மை சன் வாஸ் ஸ்லீப்பிங். ஐ ஓப்பன்ட் த டோர் அண்ட் ஹீ வாஸ் ப்ளேயிங் கேம்.’ பின்னணியில் பையன் சீனத்தில் ஆட்சேபித்துக்கொண்டிருந்தான்.